நான்காவது சிலிண்டர் என்னும் கடைமடை

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 12 நெருங்கும்போது எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். மேட்டூர் அணை குறித்த நாளில் திறக்கப்படுமா, திறந்தால் எத்தனை கன அடி, கல்லணையில் எந்த ஆற்றுக்கு எவ்வளவு பிரிப்பார்கள் என்று அப்பா நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார். எங்கள் நிலம் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடையில் இருக்கிறது. அதனால் அணை திறந்த செய்தியை யாராவது உற்சாகமாகச் சொன்னால், "தொறந்தது பேப்பர்லதான வந்திருக்கு, மடையில இன்னும் வரலையே" என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிடுவார். அந்த வரியைக் காருக்கும் பொருத்திப் பார்க்கும் அறிவு எனக்குக் காலத்தில் வந்திருந்தால், ஒரு போகக் குறுவையின் வருமானத்தை என்ஜின் பட்டறையில் கொண்டுபோய்க் கொட்டியிருக்க மாட்டேன்.

என்னிடம் இருப்பது 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான். எந்த நிறுவனத்தின் கார் என்பது இங்கு முக்கியமில்லை, ஏனெனில் அதைக் கெடுத்தவன் நான்தான். நிறுவனம் கொடுத்தபடி அது சுமார் 114 குதிரைத்திறன் தந்தது. 2022-இல் ஒரு பெருநகரத்து டியூனரிடம் கொடுத்து ரீமேப் செய்தேன், அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று என்று என்ஜின் கணினிக்குச் சொல்லும் மேப்பை மாற்றி எழுத வைத்தேன். ஏர் ஃபில்டரையும் டர்போவுக்குப் பின்னால் வரும் புகைக்குழாயையும் மாற்றி, டர்போ என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தமான பூஸ்டை 0.7 பாரிலிருந்து 1.1 பாருக்கு உயர்த்தினார்கள். 150 குதிரைத்திறன் வரும் என்றார்கள், வந்தது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் தேசிய நெடுஞ்சாலை 83-இல் மூன்றாவது கியரில் அழுத்தினால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். டர்போ கூடுதலாகத் தள்ளும் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலும் போய்ச் சேர்கிறதா என்ற கேள்வியை நானும் கேட்கவில்லை, அவர்களும் எழுப்பவில்லை. பெட்ரோலைத் தள்ளும் பம்ப், அதைத் தெளிக்கும் இன்ஜெக்டர் இரண்டுமே நிறுவனம் பொருத்தியவை, அதுவும் 90,000 கிலோமீட்டர் ஓடியவை.

தூய பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தச் சமநிலையைத்தான் லாம்டா 1 என்கிறார்கள். சாதாரண ஓட்டத்தில் பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் இதை ஒட்டியே ஓடும். ஆனால் டர்போ முழு அழுத்தத்தில் காற்றைத் திணிக்கும்போது லாம்டாவை 0.80 முதல் 0.85 வரை இறக்கி, வேண்டுமென்றே கூடுதல் பெட்ரோல் தெளிக்க வேண்டும். மிகுதியாகத் தெளித்த பெட்ரோல் வீணாகப் போவதுபோலத் தோன்றலாம், ஆனால் அது ஆவியாகும்போது எரியறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வேனில் மாலையில் முற்றத்தில் தண்ணீர் தெளிப்பதன் காரணமும் இதுதான். அந்தக் குளிர்ச்சி கிடைக்காவிட்டால், தீப்பொறியிலிருந்து கிளம்பிய தீச்சுடர் சிலிண்டரின் ஓரத்தை எட்டுவதற்குள், அங்கே எரியாமல் ஒதுங்கியிருக்கும் கலவை அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் தானாகவே வெடிக்கும். நாம் நாக்கிங் என்று சொல்வது அதைத்தான். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. இந்த வெடிப்பின் அடியை அது சில முறை தாங்கும், பல நூறு முறை தாங்காது.

எங்கள் ஊர் வெயிலையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கத்திரி வெயிலில் 40 பாகை செல்சியஸில் உள்ளே வரும் காற்றை டர்போ 0.7 பாருக்கு அழுத்தினால், அதன் திறனை 70 சதவீதம் என்று வைத்துக் கணக்கிடும்போது, வெளியேறும் காற்று சுமார் 113 பாகைக்குச் சூடாகும். அதையே 1.1 பாருக்கு அழுத்தினால் சுமார் 146 பாகை. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இதைக் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதன் மேல் வீசுவதும் அதே 40 பாகைக் காற்றுதான். குளிர்ந்த ஊரில் உட்கார்ந்து எழுதப்பட்ட மேப் மே மாதத் திருவாரூரில் எப்படி நடந்துகொள்ளும் என்று எழுதியவர் யோசித்திருக்க வேண்டும். நானும் கேட்டிருக்க வேண்டும்.

2025 மே மாதத்தில், உறவினர் மூவரை ஏற்றிக்கொண்டு ஏசியை முழுதாக வைத்து, தஞ்சாவூரிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்றை முந்துவதற்காக மிதித்தபோது, தகர டப்பாவில் நெல்லைப் போட்டுக் குலுக்கியதுபோன்ற சத்தம் ஓரிரு வினாடி கேட்டது. பாட்டுச் சத்தத்தில் மற்றவர்களுக்கு அது காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. விழுந்தும், பெட்ரோல் சரியில்லை போலும் என்று பங்க்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு மேலும் மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். பிறகு ஒரு காலையில் வண்டி ஐடிலில் ஆட ஆரம்பித்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை வந்தது.

தஞ்சாவூரில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். முதல் மூன்று பிளக்குகளின் பீங்கான் வெளிர்ப் பழுப்பாக இருந்தது. நான்காவதில் பீங்கான் சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. அதன் மேல் மிளகுத்தூள் தூவியதைப்போல நுண்ணிய புள்ளிகள் தெரிந்தன. அவர் அதை வெயிலில் திருப்பிக் காட்டினார், சில புள்ளிகள் வெள்ளிபோல மின்னின. "இது கரி இல்ல தம்பி, பிஸ்டனோட அலுமினியம். சத்தம் கேட்ட அன்னைக்கே மிதிக்கிறத நிறுத்தியிருக்கணும்" என்றார். சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று கம்ப்ரஷன் பார்த்தபோது மூன்று சிலிண்டர்கள் 165 பி.எஸ்.ஐ.யை ஒட்டியும், நான்காவது 90-ஆகவும் இருந்தன. என்ஜினை இறக்கிப் பிரித்ததில், முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் இடையிலுள்ள பிஸ்டன் விளிம்பு நகத்தளவு உடைந்து போயிருந்தது.

ஏன் நான்காவது மட்டும் என்பதுதான் என்னைக் குடைந்த கேள்வி. அந்த அண்ணன் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதனை மேடையில் மாட்டினார். நான்கு இன்ஜெக்டர்களுக்குக் கீழே நான்கு கண்ணாடிக் குழாய்கள், அவற்றில் மில்லிலிட்டர் கோடுகள் இருக்கும். ஒரே அழுத்தத்தில், ஒரே நேர அளவுக்கு நான்கையும் திறந்துவிட்டு நிறுத்தினார். முதல் குழாயில் 100, அடுத்ததில் 99, மூன்றாவதில் 98. நான்காவதில் 86 மட்டுமே. அந்த இன்ஜெக்டரின் தலைப்பில் இருந்த விரல் நுனியளவுச் சல்லடையைப் பிடுங்கி எடுத்தபோது, அதில் துருநிறக் கசடு அப்பியிருந்தது. என்னுடன் வந்திருந்த அப்பாவுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் அந்த நான்கு குழாய்களையும் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நாலாவது நம்ம வயலு" என்றார்.

இதில் எனக்குப் புதிதாகப் புரிந்த செய்தி ஒன்று உண்டு. பாதுகாப்புக்கென்று நான் புகையிலிருந்து லாம்டாவை அளக்கும் ஒரு வைட்பேண்ட் லாம்டா மீட்டர் மாட்டியிருந்தேன். முழு பூஸ்டில் அது 0.84 காட்டியது, அதைப் பார்த்துத்தான் நிம்மதியாக இருந்தேன். ஆனால் அந்த மீட்டர் நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒன்றுசேர்ந்த பிறகு இருக்கும் நிலையைத்தான் பார்க்கிறது. குழாய் அளவுகளின் சராசரி 95.75. நான்கிலும் ஒரே அளவு காற்று போவதாக வைத்துக்கொண்டால், மீட்டர் 0.84 காட்டும்போது நான்காவது சிலிண்டரின் உண்மையான லாம்டா, 0.84-ஐ 95.75-ஆல் பெருக்கி 86-ஆல் வகுத்தால் வரும் 0.935. முதல் சிலிண்டரோ 0.80-இல் செழிப்பாக இருந்திருக்கிறது. மாவட்டத்தின் சராசரி மழை போதுமான அளவு என்று புள்ளிவிவரம் சொல்லும்போதே ஓர் ஊரில் பயிர் காய்வதில்லையா, அப்படித்தான் இதுவும். வைட்பேண்ட் மீட்டர் அவசியம் வேண்டும், ஆனால் இன்ஜெக்டர்களை மேடையில் சோதிக்காமல் அதை மட்டும் நம்பினால் அது நம்மை ஏமாற்றும்.

இன்ஜெக்டரோடு கதை முடியவில்லை, பம்பும் தளர்ந்திருந்தது. 150 குதிரைத்திறனுக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதைத் தோராயமாகக் கணக்கிடுவது கடினமில்லை. டர்போ பெட்ரோல் என்ஜின் முழுச் சுமையில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் எரிக்கும் என்று கொண்டால், 150-க்கு 40.5 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 0.74 கிலோ என்பதால் அது மணிக்கு ஏறத்தாழ 55 லிட்டர். நான்காகப் பகிர்ந்தால் ஓர் இன்ஜெக்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் 228 மில்லி. இன்ஜெக்டரை எப்போதும் திறந்தே வைத்திருக்க முடியாது. 80 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டுமானால் 285 மில்லி தரக்கூடிய இன்ஜெக்டர் தேவை. இதையே நேரக் கணக்கிலும் பார்க்கலாம்: 6000 ஆர்.பி.எம்.மில் என்ஜின் தன் முழுச் சுழற்சியை, அதாவது இரண்டு சுற்றை, 20 மில்லி விநாடியில் முடித்துவிடுகிறது. என் பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தபோது அந்த வேகத்தில் இன்ஜெக்டர் 18 மில்லி விநாடி திறந்திருந்தது. 90 சதவீதம். மதகை முழுதும் தூக்கியாகிவிட்டது, அதற்கு மேல் தூக்க ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள்.

பம்பைச் சோதிக்க, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் ரெயிலுக்குப் போகும் குழாயைக் கழற்றி, அழுத்தமானியும் வால்வும் மாட்டி, நான்கு பாரில் நிறுத்தி, 30 விநாடியில் கேனில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்தார்கள். 430 மில்லி சேர்ந்தது, அதாவது மணிக்கு 51.6 லிட்டர். தேவையே 55. (இந்தச் சோதனையை வீட்டு வாசலில் செய்து பார்க்க வேண்டாம். பெட்ரோல் ஆவிக்கு ஒரு சுவிட்சின் பொறி போதும். பட்டறையில் தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, பேட்டரியைத் தள்ளி வைத்துத்தான் செய்தார்கள்.) பம்பின் முனையில் மின்னழுத்தத்தைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: ஆல்டர்னேட்டர் 13.8 வோல்ட் தர, பம்புக்கு வந்து சேர்ந்தது 11.4 தான். பழைய வயரும் பச்சை பூத்த கனெக்டரும் இடையில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிட்டன. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் ஓடும் வண்டிகளில் இதை நான் பிறகும் பார்த்திருக்கிறேன்.

அழுத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பூஸ்டை உயர்த்தும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். என் காரில் பெட்ரோலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தொட்டிக்குள்ளேயே இருந்தது, ரெயிலில் எப்போதும் 3.5 பார் இருக்கும்படி வைத்திருந்தது. இன்ஜெக்டரின் வாய் திறப்பதோ பூஸ்ட் அழுத்தம் நிறைந்த குழாய்க்குள். எதிரே 0.7 பார் தள்ளும்போது பெட்ரோலைத் தள்ள மிஞ்சுவது 2.8 பார், 1.1 பார் தள்ளும்போது 2.4 பார். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், அதே நேர அளவுக்குத் திறந்தாலும் பெட்ரோல் ஏழு சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். காற்று கூடும்போதே பெட்ரோல் குறைகிறது. வாய்க்காலில் எதிர்நீர் ஏறினால் மதகு திறந்திருந்தும் பாய்ச்சல் மட்டுப்படுமே, அதே கணக்கு. பூஸ்ட் கூடும்போது ரெயில் அழுத்தமும் உடன் ஏறும்படி, காற்று என்ஜினுக்குள் போகும் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சிறு குழாய் எடுத்து ரெகுலேட்டரில் இணைக்கும் முறை இதற்கு நல்ல தீர்வு. எரியறைக்குள்ளேயே பெட்ரோலைத் தெளிக்கும் நேரடி இன்ஜெக்ஷன் கார்களின் உயரழுத்தப் பம்ப் வேறு உலகம், அதற்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலைப் பற்றி எங்கள் ஊர் டீக்கடைகளில் பேசப்படும் அளவுக்கு நான் அதை வில்லனாகப் பார்க்கவில்லை. எத்தனாலின் ஆக்டேன், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் திறனின் அளவு, பெட்ரோலைவிட உயர்ந்தது, ஆவியாகும்போது அது உறிஞ்சும் வெப்பமும் அதிகம், ஆகவே நாக்கிங்கைத் தடுப்பதில் அது டர்போவுக்கு நண்பனே. சிக்கல் அளவில்தான். 10 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குச் சமநிலை விகிதம் சுமார் 14.1, 20 சதவீதத்துக்குச் சுமார் 13.5. 2022-இல் என் மேப் எழுதப்பட்டபோது நாட்டில் கலப்பு 10 சதவீதத்தை எட்டியிருந்த நேரம். 2025-இல் பங்க்குகளில் கிடைத்தது 20 சதவீதம். அதே காற்றுக்கு நான்கு சதவீதத்துக்கு மேல் கூடுதல் எரிபொருள் தேவை, என் இன்ஜெக்டரிலோ கொடுப்பதற்கு மிச்சமே இல்லை. மெதுவாக ஓடும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து என்ஜின் கணினியான ஈ.சி.யு. தானே திருத்திக்கொள்கிறது, அதனால் ஓட்டுபவருக்கு எதுவும் தெரிவதில்லை. முழு மிதியில்தான் குட்டு வெளிப்படுகிறது. பழைய தொட்டியின் அடியில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடை எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும். நான்காவது இன்ஜெக்டரின் சல்லடையில் அப்பியிருந்ததும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். கலப்பு மாறிய பிறகு ஃபில்டரை ஒருமுறை மாற்றியிருந்தால் அங்கேயே அது நின்றிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேனும் இறங்கிவிடும். அடைமழைக் காலத்தில் கால் தொட்டியோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதை நான் விட்டுவிட்டேன். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற மறுநாள் எந்தப் பங்க்கிலும் நிரப்புவதில்லை, டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருக்கும்போதும் நிரப்புவதில்லை. வாடிக்கையாளர் கேட்டால் ஃபில்டர் பேப்பர் சோதனையும் அடர்த்திச் சோதனையும் பங்க்கில் செய்துகாட்ட வேண்டும். பதிவேட்டில் உள்ள அடர்த்திக்கும் அளந்ததற்கும் ஒரு கன மீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. கேட்கக் கூச்சமாக இருக்கும், நான் கேட்டுவிடுகிறேன்.

ஆக்டேன் விஷயத்தில் என் கருத்து கறாரானது. 95 ஆக்டேன் பிரீமியம் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கலாம், 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பரிலிருந்தே சில பெருநகரங்களில் விற்பனைக்கு வந்திருக்கலாம். ஆனால் இரவு பத்து மணிக்கு வேதாரண்யம் சாலையில் திறந்திருக்கும் ஒரே பங்க்கில் என்ன கிடைக்கிறதோ, அதற்குத் தாங்கும்படிதான் மேப் எழுதப்பட வேண்டும். நல்ல பெட்ரோல் கிடைத்தால் அது ஊக்கத்தொகை, அவ்வளவே. ஆக்டேன் பூஸ்டர் புட்டிகளை வாங்கி ஊற்றி பூஸ்டை மேலும் ஏற்றுபவர்களுடன் நான் வாதிடுவதை நிறுத்திவிட்டேன். பயத்தில் அளவுக்கு மீறிப் பெட்ரோலைத் தெளிக்க வைப்பதும் தவறுதான். அது சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவி, ஆயிலில் கலந்து, ரிங்குகளை வேறு வழியில் தேய்த்துவிடும்.

மறுபடி கட்டும்போது சிலிண்டர்களின் உள்சுவரைக் கடைந்து போர் போட்டு, நான்கு பிஸ்டன்களையும் மாற்றினோம். நிமிடத்துக்கு 380 மில்லி தரும் இன்ஜெக்டர்களை வாங்கி, பொருத்துவதற்கு முன்பே மேடையில் சோதித்து, நான்கும் இரண்டு சதவீதத்துக்குள் ஒத்துப்போவதைப் பார்த்துக்கொண்டோம். புதிய பம்புக்குப் பேட்டரியிலிருந்து ரிலே வழியாகத் தனி வயர் இழுத்ததும் அதன் முனையில் 13.5 வோல்ட் வந்தது. சந்தையில் போலிப் பம்புகள் நிறைய என்பதால் இதையும் பொருத்தும் முன் கேனில் அளந்தோம். பூஸ்ட் குழாய் இணைத்த ரெகுலேட்டரும் வைத்தாயிற்று. மேப்பைக் கோயம்புத்தூரில், வண்டியை நிறுத்தியபடியே ஓட்டித் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றி முதலிலிருந்து எழுத வைத்தேன். உள்ளே வரும் காற்று 55 பாகையைத் தாண்டினால் பூஸ்ட் தானே குறையவும், முழுச் சுமையில் லாம்டா 0.88-க்கு மேல் ஏறினால் உடனே என்ஜின் திறனை வெட்டவும் சொல்லி வைத்திருக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவது பற்றி என்ன சொல்கிறது என்பதையும், காப்பீட்டில் இதற்கு என்ன விளைவு என்பதையும் இந்த வேலையில் இறங்குபவர்கள் முன்பே படித்துக்கொள்வது நல்லது. நான் பின்னால்தான் படித்தேன்.

இப்போது பூஸ்ட் 0.9 பார்தான். 1.1-க்கு இடமிருக்கிறது என்று டியூனர் சொன்னார், வேண்டாம் என்றேன். மாதம் ஒருமுறை, ஈ.சி.யு.வின் பதிவுகளைப் படிக்கும் ஓபிடி அடாப்டரைச் செருகி, இன்ஜெக்டர் திறப்பு நேரம், எரிபொருள் திருத்தச் சதவீதம், உள்வரும் காற்றின் வெப்பம், நாக்கிங்குக்காக ஈ.சி.யு. தீப்பொறி நேரத்தை எத்தனை பாகை பின்தள்ளியது ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுகிறேன். போன மாதம் 6000 ஆர்.பி.எம்.மில் திறப்பு 62 சதவீதம். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை நான்கு பிளக்குகளையும் கழற்றி வெள்ளைத் துணியில் வரிசையாக வைக்கும் வழக்கமும் வந்துவிட்டது. அப்பா திண்ணையில் இருந்தால் எழுந்து வந்து, மற்ற மூன்றையும் விட்டுவிட்டு, நான்காவதை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார்.